படலையில வந்து கூப்பிடுற டோபமின்: பார்க்கின்சன் குளிசை மூளையில எங்க போய் வேலை செய்யுது

பெரியப்பா விடிய 6 மணிக்கு முதல் குளிசையைப் போடுவார். போட்டு முக்கால் மணித்தியாலத்துக்குக் கட்டிலை விட்டு இறங்கேலாது, ரெண்டு காலையும் சீமெந்து வைச்சுப் பூசிவிட்ட மாதிரி இருக்கும். ஏழு மணிபோல தானே எழும்பி கிணத்தடிக்குப் போய் முகம் கழுவி, மாட்டுக்கு வைக்கல் இழுத்துப் போட்டிட்டு வந்து கதிரையில இருப்பார். எட்டரைக்குப் பாத்தா கழுத்தும் இடப்பக்கத் தோளும் தன்பாட்டில நெளியும், கால் ஒண்டு நிலத்தில நிக்காது. பத்தரைக்கு நெளிவெல்லாம் அடங்கி மெல்ல மெல்ல இறுகி, கையில இருக்கிற கோப்பை வாய்க்குப் போய்ச் சேர அரை நிமிசம் எடுக்கும். 11 மணிக்கு அடுத்த குளிசை. பிறகு இதே கதை முதலில இருந்து.

விசுவமடுவில எங்கட வளவுக்கு வந்து போற சனத்துக்கு இது விளங்கிறேல்லை. காலமை வைக்கல் இழுத்த மனுசன் பத்தரைக்குத் தண்ணிக் கோப்பையைத் தூக்கேலாமல் இருந்தா என்ன நினைப்பினம், "அவருக்குப் பஞ்சி" எண்டு ஒரு மாமி முகத்துக்கு நேரயே சொல்லிப்போட்டுப் போனா. நானும் கன நாளா நினைச்சது குளிசையில ஏதோ பிழை, கொம்பனி மாறிட்டுது, கிளினிக்கில குடுத்த பக்கெற் பழசு எண்டுதான். பிறகு கேட்டு, வாசிச்சு, கிளினிக்கில டொக்டரை மறிச்சு வைச்சு ரெண்டு கேள்வி கேட்டு விளங்கினது வேற. குளிசை அதேதான், அளவும் அதேதான், மாறினது மூளையில அதைக் கேக்கிற பக்கம். அந்தக் கேக்கிற பக்கத்துக்குப் பேர் ரிசெப்டர். மூளைச் செல்கள் ஒண்டுக்கொண்டு சேதி சொல்லப் பாவிக்கிற ஒரு பொருள்தான் டோபமின். பார்க்கின்சனைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் டோபமின் குறைஞ்சிட்டுது, குளிசையில டோபமின் குடுக்கினம், அவ்வளவுதான் எண்டு முடிச்சிடுவினம். பிழையில்லை, ஆனா அது அரைவாசிக் கதைதான். மற்ற அரைவாசிதான் இப்ப உலகத்தில மருந்து தேடுற ஆக்கள் கூடத் தோண்டுற இடம்.

வருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லிட்டு வாறன். 1817இல லண்டனில ஜேம்ஸ் பார்க்கின்சன் எண்ட டொக்டர் 6 பேரைப் பாத்து இதை எழுதினவர், அதில சிலபேரை அவர் றோட்டில கண்டதோட சரி, நடையைப் பாத்தே எழுதினவர். கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டில ஒரு மணித்தியாலம் நிண்டா நானும் இப்ப ஒராளைக் காட்டுவன்: குனிஞ்சு, சின்னச் சின்ன அடி வைச்சு, ஒரு கையை வீசாமல் நடப்பார், பாத்த உடன தெரியும். மூளையின்ட அடிப்பக்கத்தில கறுப்பு நிறமா ஒரு சின்னப் பகுதி இருக்கு, அதில சில லட்சம் செல்கள்தான், அந்தச் செல்கள் செத்துக்கொண்டு போறதுதான் அடிப்படைப் பிரச்சினை. ஏன் சாகுது எண்டதுக்கு எல்லாருக்கும் பொருந்துற ஒரே விடை இல்லை. எங்கட வயல்களுக்கு அடிச்ச பரகுவாட் மாதிரி களைநாசினிக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு இருக்கெண்டு காட்டின ஆய்வுகள் இருக்கு, இலங்கையில 2008இல இருந்து படிப்படியா அதை நிப்பாட்டினவை, ஆனா தனி ஒராளைக் காட்டி உனக்கு இதாலதான் வந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. பெரியப்பாவும் முப்பது வருசம் மருந்து அடிச்சவர்தான், அவரோட சேந்து அடிச்ச மற்றவைக்கு ஒண்டும் இல்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். அந்தக் கறுப்புச் செல்கள் தங்கட நீளமான கைகளை மூளையின்ட நடுவில இருக்கிற ஸ்ட்ரையேட்டம் எண்ட இடத்துக்கு நீட்டி அங்க டோபமினை விடும். டோபமின் போய் மற்றச் செல்லுக்கு உள்ளுக்குப் போறேல்லை, இது முக்கியம். அது படலையில நிண்டு கூப்பிட்டிட்டுப் போற ஆள் மாதிரி. படலைதான் ரிசெப்டர். உள்ளுக்கு இருக்கிறவை கூப்பாட்டைக் கேட்டு என்ன செய்வினம் எண்டது கூப்பிடுறவரில இல்லை, அந்த வீட்டுக்காரரில இருக்கு.

ஸ்ட்ரையேட்டத்தில முக்கியமா ரெண்டு விதமான வீடு. ஒண்டில டி1 எண்ட படலை, மற்றதில டி2 எண்ட படலை. டோபமினுக்கு மொத்தம் 5 விதமான ரிசெப்டர் இருக்கு, ஆனா டி1, டி2 எண்டு ரெண்டாப் பிரிக்கலாம் எண்டு கெபாபியனும் கால்னும் 1979இல சொன்னதுதான் இண்டைக்கும் அடிப்படை, அசைவைப் பொறுத்தவரைக்கும் இந்த ரெண்டும் விளங்கினாப் போதும். டி1 வீட்டுக்காரரின்ட வேலை அசைவைத் துவக்கி விடுறது. டி2 வீட்டுக்காரரின்ட வேலை அசைவை மறிக்கிறது, தேவையில்லாத அசைவுகளை அமத்தி வைக்க அவையும் வேணும். இப்ப பாருங்கோ, ஒரே டோபமின் வந்து ஒரே குரலில கூப்பிடுது, டி1 வீட்டில இருக்கிறவை எழும்பி வேலையைத் துவங்குவினம், டி2 வீட்டில இருக்கிறவை அந்தக் கூப்பாட்டுக்கே அடங்கிப் போவினம். ரெண்டும் சேரத்தான் கை நீளுது, கால் எட்டு வைக்குது.

டோபமின் வராட்டி? துவக்கிற வீடு நித்திரை, மறிக்கிற வீடு முழுச் சத்தத்தில நிக்குது. பெரியப்பா விடிய 6 மணிக்குக் கட்டிலில கிடக்கிறது அதுதான். அவரின்ட காலில பலம் இருக்கு, மனதில விருப்பம் இருக்கு, ஆனா மூளைக்குள்ள "இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்" எண்டு ஒரு பகுதி விடாமல் மறிச்சுக்கொண்டு நிக்குது. இதைத்தான் பஞ்சி எண்டு சொல்லிப்போட்டுப் போனவை.

இது கண்டுபிடிச்ச கதையில எங்கட பக்கத்து மூலிகை ஒண்டு இருக்கு. சர்ப்பகந்தி வேரை எங்கட வைத்தியத்தில கன காலமாப் பாவிக்கினம், அதில இருந்து எடுத்த ரெசர்ப்பின் எண்ட மருந்தை ஒரு காலத்தில பிறசருக்கும் மனநோய்க்கும் குடுத்தவை. சுவீடனில அர்விட் கார்ல்சன் 1957இல ரெசர்ப்பின் குடுத்து முயல்களை அசையாமல் ஆக்கிப்போட்டு, பிறகு லெவோடோபாவை (இண்டைக்குப் பெரியப்பாட குளிசையில இருக்கிற அதே மருந்து) ஊசியால ஏத்த முயல்கள் எழும்பி ஓடத் துவங்கினது. அதுவரைக்கும் டோபமின் எண்டது சும்மா இடையில வாற ஒரு பொருள் எண்டுதான் நினைச்சிருந்தவை. 1960இல வியன்னாவில எரிங்கரும் ஹொர்னிகேவிச்சும் இந்த வருத்தத்தால செத்த ஆக்களின்ட மூளையை வெட்டிப் பாத்து ஸ்ட்ரையேட்டத்தில டோபமின் வத்திப் போயிருக்கெண்டு காட்டினவை, அடுத்த வருசமே ஆக்களுக்கு ஊசி போட்டுப் பாத்தவை, 1967இல அமெரிக்காவில கொட்சியாஸ் வாயால பெரிய அளவில குடுத்து வழியைத் திறந்து விட்டவர். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் கிடைச்சது. லெவோடோபா பூனைக்காலி விதையிலயும் இருக்கு, அதை 1937இலயே சென்னையில பிரிச்செடுத்தவை. எங்கட பற்றைகளிலயும் சுணை மயிரோட தொங்குற அதே பூனைக்காலிதான். உடன போய் அரைச்சுக் குடிக்க வேண்டாம், ஒரு விதையில எவ்வளவு இருக்கெண்டு அளக்கேலாது, சத்திதான் மிஞ்சும்.

டோபமினையே நேரயாக் குடுத்தா என்ன எண்டு கேப்பியள். அது ரத்தத்தில இருந்து மூளைக்குள்ள போகாது. லெவோடோபா போகும், போய் அங்க டோபமினா மாறும். வழியில வயித்திலயும் ரத்தத்திலயும் மாறிடாமல் காவலுக்கு கார்பிடோபா எண்ட ரெண்டாவது மருந்து, அதாலதான் பெட்டியில 100/25 எண்டு ரெண்டு இலக்கம் கிடக்கு. இன்னொண்டு, லெவோடோபா குடலில இருந்து ஏறுறதும் மூளைக்குள்ள போறதும் நாங்கள் சாப்பிடுற புரதத்தின்ட அதே வாகனத்தில. பருப்பும் மீனும் முட்டையும் அதே நேரம் வந்தா சீற் கிடைக்காது. பெரியப்பா முந்தி இடியப்பத்துக்கும் பருப்புக் கறிக்கும் நடுவில குளிசையை விழுங்கிறவர், பிறகு மத்தியானம் வரைக்கும் ஒண்டும் நடக்காது. இப்ப சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலமாவது முந்திப் போடுறார். ரத்தத்துக்குக் குடுக்கிற இரும்புக் குளிசையையும் இதோட சேத்து விழுங்கக் கூடாது, ரெண்டும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, முதல் நாலைஞ்சு வருசம் இந்தக் குளிசை அருமையா வேலை செய்தது, பிறகேன் இந்த ஆட்டமும் இறுக்கமும்? இதுக்கு எனக்கு இரணைமடுதான் ஞாபகம் வருது. காலபோக மழை கொட்டுற நேரம் குளம் பிடிச்சு வைச்சு, சிறுபோகத்துக்கு துருசைத் திறந்து அளவா விடும். மழை எப்ப பெய்தாலும் வயலுக்குத் தண்ணி ஒரே சீராப் போகும். குளக்கட்டு உடைஞ்சா? பெய்யிற நேரம் வயல் முழுக்க வெள்ளம், நிண்ட உடன வெடிப்பு. வருத்தத்தின்ட துவக்கத்தில மிஞ்சின கறுப்புச் செல்கள் குளிசையில வந்ததைப் பிடிச்சு வைச்சு அளவா விடுற குளமா இருந்தது. லெவோடோபா ரத்தத்தில பாதியாக் குறைய ஒண்டு, ஒண்டரை மணித்தியாலம் காணும், ஆனா குளம் இருந்தபடியால் அது வெளியில தெரியேல்லை. செல்கள் இன்னும் செத்தாப் பிறகு குளிசை ஏறினா வெள்ளம், இறங்கினா வரட்சி.

இதில படலைப் பக்கமும் மாறுது, இதுதான் நான் கன நாள் விளங்காமல் இருந்தது. ஆள் வராத வீட்டில சின்னச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பினம் எல்லே, அதுமாதிரி டோபமின் குறைஞ்ச ரிசெப்டர்கள் கூர்மையாகிடும். நாளைக்கு நாலு தரம் ஒரேயடியாக் கூட்டம் வந்து படலையை அடிச்சு, பிறகு ஒருத்தருமே இல்லாமல் போறது வருசக்கணக்கா நடந்தா, முக்கியமா டி1 வீட்டுக்காரர் மெல்லமாக் கூப்பிட்டாலும் வெளியில பாஞ்சு விழுற அளவுக்கு வந்திடுவினம். எட்டரை மணி நெளிவு அதுதான். நடுக்கம் எண்டு சனம் நினைக்கும், அது நடுக்கம் இல்லை, நடுக்கம் மருந்து காணாமல் வாறது, நெளிவு மருந்து உச்சத்தில நிக்கிற நேரம் வாறது, டொக்டர் கேக்கேக்க ரெண்டையும் மாறிச் சொன்னா மருந்தும் மாறிப் போகும். லெவோடோபா துவங்கி 4, 6 வருசத்தில கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்கு இந்த நெளிவு வரும் எண்டு கணக்கு.

அப்ப அடுத்த யோசனை என்னவா இருக்கும், கூப்பிடுறவர் செத்துப் போனா அவரின்ட குரலில கூப்பிடுற இன்னொராளை அனுப்பினால் என்ன. அதுதான் ரொபினிரோல், பிரமிபெக்சோல் மாதிரிக் குளிசைகள். அதுகள் டோபமினா மாறத் தேவையில்லை, நேரயாப் போய் டி2, டி3 படலையில கூப்பிடும், கன நேரம் நிக்கும், நெளிவும் குறைவு. கேக்க நல்லா இருக்கு, ஆனா மூளையில படலைகள் அசைவுக்கு மட்டும் போட்டு வைக்கேல்லையே. டி3 கூட இருக்கிறது ஆசை, சந்தோசம், இன்னும் வேணும் எண்ட எண்ணம் ஓடுற பகுதியில. அங்கயும் போய்க் கூப்பிட, வாழ்நாளில சூது விளையாடாத மனுசன் நாள் முழுக்க லொத்தர் சீட்டு வாங்குவார், இரவில எழும்பிச் சாப்பிடுவார், தேவையில்லாத சாமானெல்லாம் வாங்குவார். அமெரிக்காவிலயும் கனடாவிலயும் 3000 பேருக்கு மேல பாத்து 2010இல வந்த ஒரு ஆய்வில இப்பிடிக் குளிசை போடுற ஆக்களில 17 சதவீதத்துக்கு இந்தப் பழக்கங்களில ஒண்டாவது இருந்தது, போடாதவைக்கு 7 அளவில. வீட்டு ஆக்களுக்கு இதை முதலே சொல்லி வைக்கவேணும், ஏனெண்டா அந்த மனுசன் வெக்கத்தில தானாச் சொல்லமாட்டார், வீட்டில காசு காணாமல் போகேக்கதான் தெரியும், அப்பவும் குளிசையில சந்தேகம் வராது, பிள்ளையளிலதான் வரும்.

பிழையான படலைக்குப் போன இன்னொரு கதையும் இருக்கு. பேர்கோலைட் எண்ட பழைய மருந்து டோபமின் படலைக்கு அனுப்பினது, ஆனா இதய வால்வில இருக்கிற, செரட்டோனின் எண்ட வேறொரு கூப்பாட்டுக்காரரின்ட 2பி எண்ட ரிசெப்டரிலயும் போய்க் கூப்பிட்டுது, வால்வு தடிச்சு ஒழுகத் துவங்கினது, 2007இல அமெரிக்காவில கடைகளில இருந்து எடுத்தவை. ஒரு மருந்து எங்க போய் வேலை செய்யுது எண்டதைப் போலவே வேற எங்கெங்க தட்டுது எண்டதும் முக்கியம்.

இனி படலையை மறிக்கிற மருந்துகள். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், எங்கட வீட்டில நடந்தது. போன வருசம் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்து பெரியப்பாவுக்கு சத்தி, வயிற்றுப் பிரட்டல். ஒரு இடத்தில சத்திக் குளிசை குடுத்தவை, எந்த இடம் எண்டது இங்க தேவையில்லை, அவை அவர் என்ன குளிசை போடுறவர் எண்டு கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை. மூண்டாம் நாள் மனுசன் பலகை. சாப்பாடு விழுங்கேலாது, கண் இமைக்கிறது கூடக் குறைஞ்சிட்டுது, பாரிசவாதம் எண்டு நினைச்சு வாகனம் பிடிச்சுக்கொண்டு ஓடினம். கிளினிக்கில அந்தக் குளிசைப் பக்கெற்றைப் பாத்த உடன டொக்டர் தலையில கையை வைச்சார். மெட்டோக்ளோபிரமைட். அது வேலை செய்யிறதே டி2 ரிசெப்டரை மறிச்சு. சத்தியைக் கிளப்பிற இடத்திலயும் டி2தான் இருக்கு, அதை மறிச்சாச் சத்தி நிக்கும், ஆனா அது மூளைக்குள்ளயும் போய் ஸ்ட்ரையேட்டத்து டி2 படலையிலயும் குறுக்க நிக்கும். இருக்கிற கொஞ்ச டோபமினும் கூப்பிடேலாமல் திரும்பிப் போகவேண்டியதுதான். நிப்பாட்டி ஒரு கிழமைக்குள்ள பழையபடி வந்தார்.

இதே வேலை செய்யிற வேற மருந்துகளும் எங்கட பக்கத்தில சாதாரணமாப் புழங்குது: தலைச்சுத்துக்குக் குடுக்கிற புரோகுளோர்பெரசின், பஸ் பயணத்துக்கும் தலைச்சுத்துக்கும் போடுற சின்னரிசின், ஒற்றைத் தலையிடிக்குக் குடுக்கிற ஃபுளுனரிசின், மனநோய்க்குக் குடுக்கிற ஹலோபெரிடோல். பார்க்கின்சனே இல்லாத வயசான ஆக்களுக்கும் இதுகளைக் கன நாள் குடுத்தா நடுக்கமும் இறுக்கமும் வரும், அதைப் பாத்து இன்னொராள் பார்க்கின்சன் குளிசையைத் துவங்கின கதையும் நடக்கிறது. டொம்பெரிடோன் எண்ட சத்திக் குளிசை மூளைக்குள்ள பெரிசாப் போறேல்லை, சத்தியைக் கிளப்பிற இடம் மூளையின்ட வேலிக்கு வெளியில இருக்கிறபடியால் அதை மட்டும் மறிக்கும், எண்டாலும் இதயத் துடிப்பில ஒரு கண் வைச்சுத்தான் டொக்டர் தருவார். பெரியப்பாட கிளினிக் கொப்பியின்ட முன் மட்டையில இப்ப சிவப்புப் பேனையால எந்தெந்தக் குளிசை கூடாது எண்டு எழுதி ஒட்டிக் கிடக்கு.

டோபமினைக் கூட்டாமலே வேற வீடுகளின்ட படலையைப் பிடிச்சு இதைச் சமாளிக்கலாமா எண்டதுதான் அடுத்த பெரிய கேள்வி. உண்மையில இது டோபமினைக் கண்டுபிடிக்க முதலே நடந்தது. 19ஆம் நூற்றாண்டில பாரிசில சார்க்கோட் குடுத்த மருந்து எங்கட ஊமத்தையில இருக்கிற அதே வகைப் பொருள். அது அசற்றைல்கோலின் எண்ட இன்னொரு கூப்பாட்டுக்காரரின்ட படலையை மறிக்கும். டோபமின் குறைய அந்தப் பக்கம் ஓங்கும், அதை அமத்தினா நடுக்கம் கொஞ்சம் அடங்கும். அதின்ட பேரன் மாதிரித்தான் கிளினிக்கில இண்டைக்கும் குடுக்கிற பென்செக்சோல். இளம் ஆக்களின்ட நடுக்கத்துக்கு உதவும், வயசு போனவைக்கு மறதி, வாய் வரட்சி, சலம் போறதில தடக்கு, சிலவேளை இல்லாத ஆக்களைக் கண்டு கதைக்கிறது. என்ட அபிப்பிராயம், எழுபதுக்கு மேல இதைத் தொடந்து போடுற ஆள் உங்கட வீட்டில இருந்தா, இன்னும் தேவையா எண்டு அடுத்த கிளினிக்கில ஒருக்காக் கேக்கிறதில பிழையில்லை.

பிறகு வாறது அடினோசின். டி2 வீட்டுக்குப் பின்பக்கத்தால ஒரு படலை இருக்கு, பேர் ஏ2ஏ. அடினோசின் அதில வந்து "எழும்பு, மறி" எண்டு சொல்லும். முன்படலையில டோபமின் "அடங்கு" எண்டு சொல்லும். ஒரே வீட்டில ரெண்டு பேரும் எதிரெதிரா. டோபமின் வராத வீட்டில பின்படலைக்காரரின்ட ராச்சியம்தான். அப்ப பின்படலையைச் சாத்தினா? டி2 வீடு கொஞ்சம் அடங்கும், டோபமினைக் கூட்டத் தேவையில்லை. இஸ்ட்ராடெஃபிலின் எண்ட மருந்து செய்யிறது இதைத்தான். ஜப்பானில 2013இலயும் அமெரிக்காவில 2019இலயும் அனுமதிச்சவை, லெவோடோபாவோட சேத்துப் போடுறது, நாளில இறுகிக் கிடக்கிற நேரத்தை அரை மணித்தியாலத்தில இருந்து ஒரு மணித்தியாலம் வரைக்கும் குறைக்கும். ஐரோப்பாவில 2021இல காணாது எண்டு மறுத்திட்டினம். எனக்கு ரெண்டு பக்கமும் விளங்குது, ஆனா பெரியப்பாவைக் கேட்டா அந்த ஒரு மணித்தியாலம் ஒரு தரம் தனிய கக்கூசுக்குப் போய் வாறது. இதே வழியில போன தொசடெனன்ட் எண்ட மருந்தில வெள்ளை அணுக்கள் விழுந்து ஆக்கள் செத்தபடியால் 2017இல சோதனையை நிப்பாட்டினவை. படலை சரியா இருந்தாலும் மருந்து பிழைக்கலாம்.

பின்படலையைச் சாத்திற இன்னொரு பொருள் எங்கட எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கோப்பியிலயும் தேயிலையிலயும் இருக்கிற கஃபீன். பிளேன்ரீ குடிச்சு நித்திரை கலையிறதும் அடினோசின் படலைகளை மறிக்கிறபடியால்தான். ஹவாயில 8000 ஆம்பிளையளை 30 வருசமாப் பின்தொடந்து பாத்ததில கோப்பி கூடக் குடிச்சவைக்கு பார்க்கின்சன் குறைவா வந்தது, 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. உடன எல்லாருக்கும் ஆசை வந்திட்டுது. ஆனா வருத்தம் வந்த 121 பேருக்கு நாளுக்கு ரெண்டு தரம் 200 மில்லிகிராம் கஃபீன் குளிசையாக் குடுத்துப் பாத்த சோதனையில, 6 மாசத்தில அசைவில ஒரு முன்னேற்றமும் இல்லை, 2017இல வந்த முடிவு அது. இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னன், அவர் "அப்ப நான் குடிக்கிறது வீணோ" எண்டார், வீணில்லை, உங்களுக்குப் பிடிக்கும் எண்டு குடியுங்கோ எண்டன்.

நெளிவுக்கு எண்டு இருக்கிற மருந்தின்ட கதை சுவாரசியமானது. அமன்டடின் ஒரு சளிக்காய்ச்சல் மருந்து. 1968இல அமெரிக்காவில ஒரு அம்மா காய்ச்சல் வராமல் இருக்க அதைப் போட்டா, போட்ட நாளெல்லாம் தன்ட நடுக்கமும் இறுக்கமும் குறைஞ்சது, நிப்பாட்டத் திரும்ப வந்திட்டுது எண்டு அவவே டொக்டருக்குச் சொன்னவ. ஷுவாப் எண்ட அந்த டொக்டர் அதைத் தட்டிக் கழிக்காமல் மற்றவைக்கும் குடுத்துப் பாத்து அடுத்த வருசம் எழுதினவர். பிறகுதான் தெரிஞ்சது அது குளுட்டமேற் எண்ட கூப்பாட்டுக்காரரின்ட என்எம்டிஏ படலையை ஓரளவு மறிக்குது எண்டு. மேல் மூளையில இருந்து ஸ்ட்ரையேட்டத்துக்கு வாற பெரிய சத்தம் குளுட்டமேற்றின்டது, நெளிவு இருக்கிற மூளையில அந்தச் சத்தம் அளவு கடந்து ஏறியிருக்கும். அதைக் கொஞ்சம் குறைச்சா, கூர்மையாப் போன வீடுகள் பாயிறதும் குறையும். மெல்ல மெல்லக் கரையிற அமன்டடினை நெளிவுக்கெண்டே 2017இல அமெரிக்காவில அனுமதிச்சவை. குளுட்டமேற்றின்ட இன்னொரு படலை எம்கிளூஆர்5, அதை மறிச்சுப் பாத்த மவோகுளூரன்ட் மிருகங்களில நல்லா வேலை செய்தது, ஆக்களில தேறேல்லை.

செரட்டோனின் செல்களும் இதுக்குள்ள மாட்டுப்பட்டு நிக்குது. கறுப்புச் செல்கள் செத்தாப் பிறகு லெவோடோபாவை டோபமினா மாத்திற வேலையைக் கன அளவில எடுத்துச் செய்யிறது இந்தச் செல்கள்தான், உதவிக்கு வந்த பக்கத்து ஊர் ஆக்கள் மாதிரி. பிரச்சினை என்னெண்டா கறுப்புச் செல்லுக்கு தான் விட்ட டோபமினைத் தானே கேட்டு, போதும் எண்டு நிப்பாட்டிற ஒரு காது இருக்கு, கூடினதைத் திருப்பி எடுக்கிற ஒரு வழியும் இருக்கு. செரட்டோனின் செல்லுக்கு டோபமினுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, வந்ததெல்லாத்தையும் கொட்டிவிடும். இதுகளில இருக்கிற செரட்டோனின் 1ஏ ரிசெப்டரைத் தட்டி அடக்கினால் நெளிவு குறையும் எண்டு எலியிலயும் குரங்கிலயும் காட்டினவை, சரிசோட்டன் எண்ட மருந்து பெரிய சோதனையில தோத்துப் போச்சு. இப்பிடித் தோத்த மருந்துகளின்ட பட்டியல் இந்தத் துறையில நீளம். எலிக்கு ஒரு நாளில நஞ்சு குடுத்துச் செல்லைச் சாக்கொல்லுறதும், ஒரு மனுசனுக்கு இருபது வருசமா மெல்ல மெல்லச் சாகிறதும் ஒண்டில்லை எண்டதுதான் எனக்கு விளங்கிற காரணம்.

இப்ப எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கிறது டி1. இவ்வளவு காலமும் டோபமின் மாதிரிக் கூப்பிட அனுப்பின ஆக்களில கனபேர் டி2, டி3க்குத்தான் போனவை, துவக்கிற வீடான டி1ஐ நேரயாக் கூப்பிடுற மருந்துகள் வாயால குடுத்தா ஏறாது, இல்லாட்டிப் பிறசரை விழுத்தும். டவபடோன் எண்ட புது மருந்து டி1, டி5 படலைகளில மட்டும், அதுவும் முழுக் குரலில இல்லாமல் அளவாக் கூப்பிடுது, நாளைக்கு ஒருக்காக் காணும். 2024இல மூண்டாம் கட்டச் சோதனைகளில நல்ல முடிவு காட்டினது. டி3யை விட்டு விலகி நிக்கிறபடியால் லொத்தர் சீட்டுப் பிரச்சினை குறைவா இருக்கும் எண்டு நம்பினம், கன வருசம் பாவிச்சாத்தான் அது தெரியும். மூளைக்குள்ள கம்பி வைக்கிற ஒப்பரேசனும் இருக்கு, 1987இல பிரான்சில பெனாபிட் துவக்கினது, ஆனா அது ரிசெப்டரைத் தொடுறேல்லை, மறிக்கிற வீட்டின்ட சத்தம் போற வழியில கரண்ட் குடுத்துக் குழப்புறது, அது வேற கதை.

இதெல்லாம் வாசிச்சு முடிச்சு நான் செய்தது சின்ன வேலை ஒண்டுதான். நாப்பது பக்கக் கொப்பி ஒண்டு வாங்கி, மணித்தியாலத்துக்கு ஒரு கோடு போட்டு, பெரியம்மாட்டக் குடுத்தன். அவ எழுதினது மூண்டே சொல்: நடந்தார், ஆடினார், இறுகினார். ரெண்டு கிழமை எழுதினதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போய்க் காட்ட, டொக்டர் புதுக் குளிசை ஒண்டும் எழுதேல்லை, நாளைக்குப் போடுற மொத்த அளவையும் கூட்டேல்லை, நாலு தரம் போட்டதைச் சின்னதாப் பிரிச்சு ஆறு தரமா மாத்தினவர். வெள்ளம் குறையட்டும், வரட்சியும் குறையட்டும். நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ எண்டு சொல்ல வரேல்லை, அவரவற்ற மூளைக்கு அவரவற்ற கணக்கு. ஒண்டு மட்டும் எல்லாருக்கும் பொருந்தும், குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது. 2022இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் நாங்கள் ஒவ்வொரு பார்மசியா ஏறி இறங்கினதுக்குக் காரணம் அதுதான், ஒரேயடியா விட்டா இறுகிறதோட காய்ச்சலும் வந்து ஆள் தப்பாமலும் போகலாம்.

ஆறு தரமா மாத்தி இப்ப நாலு மாசம். எட்டரை மணி நெளிவு முழுக்கப் போகேல்லை, கால் மட்டும் ஆடும். பத்தரைக்குக் கோப்பை வாய்க்குப் போகுது. நேற்றைக்குக் கொப்பியைப் புரட்டிப் பாத்தன், பத்தரைக் கோட்டில பெரியம்மா அந்த மூண்டு சொல்லையும் விட்டிட்டு வேறொண்டு எழுதியிருக்கிறா: "மாமி வந்தவ, அவர்தான் கதிரை எடுத்துப் போட்டவர்."